ஆறாம் மாடிப் பீப்பாய்

ஆல்வின் கிரீன்வெல்லுக்கு வயது அறுபத்து நான்கு. அவருடைய வலது முழங்காலுக்கு எண்பது இருக்கும். ஓல்ட் பர்டம் விஸ்கி ஆலையில் பீப்பாய்களை அடுக்கி வைக்கும் நான்காம் நம்பர் கிட்டங்கிக்கு ஆறு மாடி, தரையிலிருந்து உச்சி வரை எண்பத்து நான்கு படி. உள்ளே லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அது பீப்பாய்க்கு. ஐந்நூறு பவுண்டுப் பீப்பாய் மாப்பிள்ளை ஊர்வலம் போல மேலே போகும். அதைப் பார்த்துக்கொள்கிற ஆள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறிப் போக வேண்டும். லிஃப்டில் மனிதர் ஏறக் கூடாது என்பது இன்ஷூரன்ஸ்காரன் போட்ட சட்டம்.

முப்பத்தோரு வருஷம் அவர் அந்தப் படிகளை எண்ணாமல்தான் ஏறினார். எண்ண ஆரம்பித்தது போன வருஷம்.

இப்போது அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு நாற்காலி. ஆலை வாசலில், லாரிக்காரர்கள் நின்று பெயர் எழுதிவிட்டுப் போகிற கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் சுழல் நாற்காலி. அதில் உட்கார்ந்திருக்கும் ஹப் சீசில் அக்டோபரில் ஓய்வு பெறுகிறார். கூண்டுக்குள் ஏசி, ஒரு ரேடியோ, காபிக் கோப்பை வைக்க ஒரு பலகை. ஏறுவதற்கு ஒரே ஒரு படி. ஆல்வின் தினமும் காலையில் வேலைக்கு வரும்போது அந்தக் கூண்டின் முன்னால் வண்டியைத் தேவைக்கு மேல் ஒரு நிமிஷம் நிறுத்துவார்.

நாற்காலியைத் தரும் அதிகாரம் பிரென்ட் லாக்கர்ட்டிடம் இருந்தது. பிரென்டுக்கு முப்பத்து நான்கு வயது, 'விருந்தினர் அனுபவ இயக்குநர்' என்று பதவி. அனுபவத்தையும் ஒருவர் இயக்க வேண்டியிருக்கிறது என்பது அவன் லூயிவில்லிலிருந்து வந்து சேரும்வரை ஆலையில் யாருக்கும் தெரியாது.

"பாருங்க ஆல்வின், ஜூன் மாசம் டெக்சஸ்காரங்க எழுதினது ஞாபகம் இருக்குல்ல? 'கூட வந்தவர் உற்சாகமா இல்லை'ன்னு. அப்படி இன்னொண்ணு வந்துச்சுன்னா மேலிடத்துல நான் உங்களுக்காக என்னன்னு பேசறது? அக்டோபர் வரைக்கும் ஒரு புகார் வராம ஓட்டுங்க. நாற்காலி உங்களுக்குத்தான்."

"உற்சாகம்னா எப்படி தம்பி, குதிக்கணுமா?"

"சிரிச்ச முகமா இருந்தா போதும்."

"மூணாவது மாடி வரைக்கும் சிரிக்கலாம். அதுக்கு மேல பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் ஏறணும். தூரத்துல இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், விடு."

அவருடைய வேலை இதுதான். எங்கெங்கோ இருந்து போர்பன் விஸ்கி கிளப்புக்காரர்கள், ஒரு மதுக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு, பீப்பாய் தேர்ந்தெடுக்க வருவார்கள். ஆல்வின் மூன்று மாடிகளில் மூன்று பீப்பாய்களின் முகப்பில் சின்னத் துளை போட்டு, வழிகிறதைப் புட்டியில் பிடித்து, துளையை மரக்குச்சியால் அடைத்துவிட்டுக் கீழே கொண்டுவருவார். விருந்தினர்கள் மாட்டுத்தோல் நாற்காலிகளில் உட்கார்ந்து மோந்து, குடித்து, துப்பி, விவாதித்து, ஒன்றைப் பிடித்துவிட்டது என்பார்கள். அந்தப் பீப்பாய் முழுவதும் அவர்களுக்கே. புட்டியில் ஒரு தங்க நிற ஸ்டிக்கர், அதில் கிளப்பின் பெயர், அதற்குக் கீழே அவர்கள் சூட்டும் பெயர். போன மாதம் ஒரு கூட்டம் 'கிழட்டுக் குதிரையின் கடைசி உதை' என்று வைத்துவிட்டுப் போயிற்று.

தேர்ந்தெடுக்கப்பட்டால் அந்தப் பீப்பாயின் சரக்கு புட்டி நூற்றுப் பத்து டாலர். இரண்டு மூன்று கூட்டம் வேண்டாமென்று சொல்லிவிட்டால் அதே பீப்பாய் இன்னும் பல பீப்பாய்களோடு பெரிய தொட்டியில் கொட்டப்பட்டு, தண்ணீர் சேர்ந்து, 'ஸ்மால் பேட்ச்' என்ற பெயரில் நாற்பத்திரண்டு டாலருக்குப் போகும். அங்கேயும் இடமில்லை என்றால் வெள்ளை லேபிள் 'பாண்டட்', பத்தொன்பது டாலர். ஒரு பீப்பாயின் தலையெழுத்து எட்டு வருஷம் ஓக் மரத்துக்குள் கிடந்ததில் இல்லை. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் யாரோ ஒருவருக்கு ஜலதோஷம் இருந்ததா இல்லையா என்பதில் இருந்தது. ஆல்வின் வீட்டில் குடிப்பது வெள்ளை லேபிள். சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு விரல் அளவு. அதில் குறை என்று அவர் எதையும் கண்டதில்லை, தேடியதும் இல்லை.

ஆகஸ்ட் மாதத்து அந்த வியாழக்கிழமை, வாரத்தின் நான்காவது கூட்டம். காலை எட்டரைக்கே கிட்டங்கியின் தகரச் சுவர் சுட்டது. ஆறாம் மாடியில் ஒன்று, மூன்றாம் மாடியில் ஒன்று, தரைத்தளத்தில் ஒன்று என்று பிரென்ட் தாள் கொடுத்திருந்தான். ஆல்வின் துளைக்கருவியையும் மூன்று காலிப் புட்டிகளையும் எடுத்துக்கொண்டு தரைத்தளத்துப் பீப்பாயில் முதலில் துளை போட்டார். ஒரு புட்டி நிறைந்தது. குச்சியை அடித்துவிட்டு நிமிர்ந்தார். படிக்கட்டைப் பார்த்தார். முழங்காலுக்குள் யாரோ துருப்பிடித்த கதவைத் திறந்து மூடினார்கள்.

அங்கேயே ஒரு காலிப் பீப்பாயின் மேல் உட்கார்ந்தார். எட்டு வருஷத்துச் சரக்கு. ஒரே தானியக் கலவை. ஒரே வாரத்தில் நிரப்பியது. அவரே உருட்டிக்கொண்டு வந்து அடுக்கியது. இவர்கள் ஒன்றைச் சொல்லப் போகிறார்கள், அது மூன்று மாதம் கழித்துப் புட்டியில் போய்ச் சேரும், அதற்குள் இன்று குடித்தது யார் நாக்கில் நிற்கப் போகிறது?

குச்சியைப் பிடுங்கினார். அதே துளையிலிருந்து இரண்டாவது புட்டி. மூன்றாவது புட்டி. தாளைப் பார்த்து மூன்றிலும் லேபிள் எழுதினார்: ஆறாம் மாடி, 127 ப்ரூஃப். மூன்றாம் மாடி, 118. தரைத்தளம், 109. ப்ரூஃப் என்பது காட்டத்தின் அளவு. உச்சியில் வெயிலடித்து நீர் வற்றும், காட்டம் ஏறும். கீழே அப்படியே கிடக்கும். எண்கள் கடைசியாகக் கணக்கெடுத்தபோது இருந்த எண்கள்தான். புட்டிக்குள் இருந்ததுதான் மூன்றிலும் 109.

முப்பத்தோரு வருஷத்தில் இப்படி ஒன்றை அவர் செய்ததில்லை. செய்தபிறகு, எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் அவருக்குச் சங்கடமாக இருந்தது.

பதினொரு மணிக்கு ஒஹையோவிலிருந்து டேட்டன் போர்பன் பேரவை வந்து இறங்கியது. வந்தவர்கள் மூன்று பேர். தலைவர் டாக்டர் வோய்ட், பல் மருத்துவர். வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் வாயைப் பார்த்துவிட்டு இப்போது தன் வாயின் மகிமையைக் கண்டுபிடித்திருந்தார். செயலாளர் டுவேன் காப், வீடுகளுக்கு ஏசி பொருத்துகிற கான்ட்ராக்டர், ஆறடி மூன்றங்குலம். மூன்றாவது ஆள் ஸ்டானெக், அவர்கள் ஊரில் மதுக்கடை வைத்திருப்பவர். பேரவையில் உறுப்பினர் இல்லை, பீப்பாயைச் சட்டப்படி வாங்க ஒரு கடை வேண்டும் என்பதற்காகக் கூட்டி வந்திருந்தார்கள். முதல் இரண்டு பேரின் சட்டையில் பேரவையின் சின்னம் தைத்திருந்தது. ஸ்டானெக்கின் சட்டையில் காபி சிந்தியிருந்தது.

ஏசி போட்ட ருசி அறையில் டாக்டர் தன் சொந்தக் கண்ணாடிக் கிண்ணங்களைப் பஞ்சுப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட ஒரு குழாய். ஒரு தோல் அட்டை நோட்டு.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னால டுவேனுக்காக ஒரு தடவை சொல்லிடறேன்" என்றார். "பாண்டட்னா ஒரே ஆலை, ஒரே பருவத்துல காய்ச்சினது, நாலு வருஷமாவது கிடந்தது, நூறு ப்ரூஃப். சட்டம் அப்படி. நல்லதுதான், ஆனா அது சீருடை போட்ட சரக்கு. அடுத்தது ஸ்மால் பேட்ச். கொஞ்சம் பீப்பாய்களை மட்டும் பார்த்துப் பார்த்துச் சேர்க்கறது."

"கொஞ்சம்னா எத்தனை டாக்டர்?" என்று கேட்டார் டுவேன்.

டாக்டர் ஓரமாக நின்ற பிரென்டைப் பார்த்தார். பிரென்ட் சிரித்த முகமாக, "தேர்ந்தெடுத்த ஒரு எண்ணிக்கை" என்றான்.

போன செவ்வாய்க்கிழமை இருநூற்றுப் பதினாறு பீப்பாய்களை அந்தக் 'கொஞ்ச'த்துக்காக உருட்டிய ஆல்வின் கூரையைப் பார்த்தார். எவ்வளவு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லாததால் அது தப்பும் இல்லை.

"அதுக்கு மேல சிங்கிள் பேரல். ஒரே பீப்பாய், வேற எதோடயும் கலக்காதது. உலகத்துல அதே மாதிரி இன்னொண்ணு கிடையாது."

அப்படிப் பார்த்தால் தன் முழங்காலும் சிங்கிள் பேரல்தான் என்று ஆல்வினுக்குத் தோன்றியது.

"எல்லாத்துக்கும் உச்சி, பேரல் ப்ரூஃப். சொட்டுத் தண்ணி சேர்க்காதது. பீப்பாய்ல எப்படி இருந்துச்சோ அப்படியே."

"அப்போ ஊத்தாத தண்ணிக்கா டாக்டர் முப்பது டாலர் கூடக் கேக்கறாங்க?"

"அது தண்ணி இல்ல டுவேன். மரியாதை."

ஸ்டானெக் அதுவரை பேசவில்லை. இப்போதும் மேசையைப் பார்த்துத்தான் சொன்னார். "காட்டம் கூட இருக்கறதால புட்டிக்குள்ள ஒண்ணே கால் புட்டிச் சரக்கு இருக்கும். அந்தக் கணக்குல ஒரு பத்து டாலர் நியாயம். மீதி ஸ்டிக்கர்."

"ஸ்டானெக்குக்கு எல்லாமே கல்லாப்பெட்டிதான்" என்று டாக்டர் மன்னித்தார்.

தரைத்தளம் என்று எழுதிய புட்டியைத்தான் முதலில் ஊற்றினார்கள். டாக்டர் கண்ணை மூடி மோந்தார். "மென்மை. ரொம்ப மென்மை. வளர்ந்த பிள்ளை இன்னும் அம்மா மடியில உட்கார்ந்திருக்கற மாதிரி" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்றாம் மாடி: "ஆ, இங்க முதுகெலும்பு வந்துடுச்சு. செர்ரி. பழைய தோல் பெட்டி." டுவேன் தனக்கும் தோல் பெட்டி வருகிறது என்றார், எந்த அளவுப் பெட்டி என்று டாக்டர் கேட்டதும் கொஞ்சம் பின்வாங்கினார்.

ஆறாம் மாடி என்று எழுதிய புட்டிக்கு வந்தபோது அறையில் ஒரு பயபக்தி வந்தது. டாக்டர் லேபிளை வாய்விட்டுப் படித்தார். "நூத்தி இருபத்தேழு." டுவேன் இடுப்பு பெல்ட்டைச் சரி செய்துகொண்டார். குடித்தார்கள். டாக்டர் இருமினார். டுவேனுக்குக் கண்ணில் நீர் கோத்தது.

"யப்பா!" என்றார் டுவேன். "நெஞ்சுக்குள்ள இறங்கி லைட்டைப் போடுது!"

"கண்டிப்பா இதுதான்" என்றார் டாக்டர், குரல் கம்ம. "மத்த ரெண்டும் இதுக்குப் பக்கத்துல தண்ணி."

ஸ்டானெக் மூன்று கிண்ணங்களிலும் ஒரு தடவை குடித்தார். மறுபடி முதல் கிண்ணத்தில் ஒரு வாய். பிறகு ஆல்வினை நிமிர்ந்து பார்த்தார். அதிகநேரம் பார்க்கவில்லை. ஆனால் ஆல்வினுக்குப் பிடரி வியர்த்தது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். கைகுலுக்கி, படம் எடுத்துக்கொண்டு, தொப்பி வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். டாக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பெயின்ட் பேனாவை எடுத்தார்.

"பீப்பாய் முகப்புல கையெழுத்துப் போடணும். அது இருக்கற இடத்துலயே."

"வழக்கமா காலியான பிறகு பலகையை அனுப்பி வைப்போம்" என்றார் ஆல்வின். "மேல ரொம்பச் சூடுங்க. படியும்..."

"ஆல்வின் கூட்டிட்டுப் போவார்!" என்றான் பிரென்ட். "மறக்க முடியாத அனுபவமா இருக்கும்." அவனுக்கு அப்போது அவசரமாக ஒரு தொலைபேசி அழைப்பு இருந்தது.

ஆக, காலையில் மிச்சம் பிடித்த எண்பத்து நான்கு படியை ஆல்வின் மத்தியான வெயிலில் ஏறினார். டாக்டரும் டுவேனும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல முன்னால் ஓடிவிட்டார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஆல்வின் நின்றார். பின்னால் வந்த ஸ்டானெக்கும் நின்று, தொப்பையில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"மூணும் ஒரே பீப்பாய்தானே?" என்றார்.

ஆல்வின் கைப்பிடியை இன்னும் இறுகப் பிடித்தார். "எப்படித் தெரிஞ்சுது?"

"முதல் கிண்ணம் நல்லா இருந்துச்சு. ரெண்டாவதும் அதே அளவுக்கு நல்லா இருந்துச்சு. நாப்பது வருஷத் தொழில்ல எனக்கு அப்படி நடந்ததே இல்ல."

"முட்டி" என்றார் ஆல்வின். வேறு விளக்கம் அவரிடம் இல்லை.

"எனக்கு இடுப்பு."

இருவரும் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். வெளியே, விஸ்கி ஆவி பட்டுப் பட்டுப் பூஞ்சை பிடித்துக் கறுத்துப்போன அடுத்த கிட்டங்கியின் சுவர் தெரிந்தது.

"அவங்ககிட்டச் சொல்லப் போறீங்களா?"

"சொல்லி? போன கிறிஸ்துமஸுக்கு டாக்டர் முன்னால ரெண்டு கிண்ணம் வெச்சேன், லேபிளைக் காட்டாம. உங்க பத்தொன்பது டாலர் வெள்ளை லேபிளைத்தான் ஆகா ஓகோன்னாரு. புட்டியைக் காட்டினேன். ஆறு மாசம் கடைப்பக்கமே வரல மனுஷன்." ஸ்டானெக் நெற்றியைத் துடைத்தார். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். மேல இருக்கறது நல்ல பீப்பாய்தானா? நூத்தி நாப்பது புட்டி வரும். கிளப்புக்காரங்க நாப்பது எடுப்பாங்க. மீதி நூறும் என் அலமாரியில."

"ரெண்டு வருஷமா அதோட மூடியைத் திறந்து பார்க்கலைங்க. சரியாத் தெரியாது."

ஸ்டானெக் தலையாட்டினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் ஆல்வினுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

ஆறாம் மாடி அடுப்பாக இருந்தது. டாக்டர் தாளில் இருந்த எண்ணை வைத்துப் பீப்பாயைக் கண்டுபிடித்து, அதன் முன்னால் மண்டியிட்டிருந்தார். டுவேன் மட்டும் குனிந்து முகப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தொழிலில் துளை எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

"ஓட்டையே காணோமே? ஓட்டை போட்டுக் குச்சி அடிச்சுத்தானே சரக்கு எடுப்பாங்க? இது கன்னி கழியாம இருக்கு."

"பின்பக்கமா இருக்கும்பா" என்றார் டாக்டர்.

"பின்பக்கம் சுவர் டாக்டர்."

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பெரியவரே, இங்கேயே நேரா பீப்பாய்லேர்ந்து ஒரு வாய் கிடைக்குமா?"

ஆல்வின் துளைக்கருவியை எடுத்தார். முகப்பில் துளை போட்டார். துளையிலிருந்து கறுத்த, கெட்டியான நிறத்தில் வழிந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வழக்கமாகத் தானும் ஒரு வாய் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவருக்குக் கொடுப்பார், பார்த்தார். எட்டு வருஷம் தகரக் கூரைக்கடியில் வெந்து, மரம் முழுக்க இறங்கியிருந்தது. பென்சிலைக் கடித்துக்கொண்டே தேயிலைத் தூளை மென்றால் அப்படி இருக்கும். தொட்டியில் நூறு பீப்பாயோடு சேர்ந்தால் நல்ல பிள்ளையாகிவிடும். தனியாக விற்கக் கூடாத சரக்கு. தான் அடுக்கி வைத்த பீப்பாயைப் பற்றி இப்படிச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் குடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. டுவேன் குடித்துவிட்டு, "டாக்டர், இது வேற மாதிரில்ல இருக்கு" என்றார்.

"சூடு டுவேன். காத்து. கீழே ஏசியில அடங்கிக் கிடந்துச்சு, இங்க நிஜ முகத்தைக் காட்டுது. தைரியமான மரம்! எல்லாராலயும் இதைத் தாங்க முடியாது."

ஸ்டானெக் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தை மெதுவாகத் தரையில் வைத்தார். நூறு புட்டியும் அலமாரியில் வரிசையாக நிற்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அந்த முகத்தைப் பார்த்தபிறகு ஆல்வினால் முடியவில்லை. கண்ணாடிக் கூண்டு, ரேடியோ, காபிப் பலகை எல்லாம் ஒரு தடவை மனதில் வந்து போயின. போகட்டும்.

"டாக்டர், ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். "கீழே நீங்க குடிச்சது இந்தப் பீப்பாய் இல்ல. மூணு புட்டியும் ஒரே பீப்பாய். தரைத்தளத்துல இருக்கறது. காலையில என் முட்டி ஏற விடல. அதனால அங்கேயே மூணையும் பிடிச்சு, லேபிளை மட்டும் மாத்தி எழுதினேன். இது கசக்குது. இதை வாங்காதீங்க. கீழே இருக்கறதை எடுத்துக்கங்க, அது நல்ல சரக்கு. என் தப்பு. ஆபீஸ்ல நானே சொல்லிடறேன்."

தகரக் கூரை சூட்டில் படபடவென்று விரிந்தது. டாக்டர் ஆல்வினைப் பார்த்தார். டுவேன் டாக்டரைப் பார்த்தார்.

பிறகு டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்க, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "டுவேன்! நீ ஓட்டை எங்கன்னு கேட்டியே, அதை வெச்சு ஒரே நிமிஷத்துல எப்படிக் கட்டினாரு பாரு!"

டுவேன் ஆல்வினின் முதுகில் ஓர் அறை அறைந்தார். "பாவி மனுஷா, ஒரு நிமிஷம் நம்பிட்டேன்யா! மூஞ்சியில ஒரு சுருக்கம் அசையல!"

"இல்லைங்க, நிஜமாத்தான். கீழே வாங்க, ஓட்டையைக் காட்டறேன்."

"காட்டறாராம்! 'முட்டி ஏற விடல'! எண்பத்து நாலு படி ஏறி வந்து நின்னுக்கிட்டுச் சொல்றாரு!"

ஸ்டானெக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர், "கல்லாப்பெட்டிக்கு மட்டும் சிரிப்பு வரல பாருங்க" என்றதும் வாயை மூடிக்கொண்டார்.

பெயின்ட் பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். பீப்பாய்க்குப் பெயரும் அங்கேயே முடிவாயிற்று: 'ஆல்வினின் முழங்கால்'.

அவர்கள் போனதும் ஆல்வின் பிரென்டிடம் போய் நடந்ததைச் சொன்னார். பிரென்ட் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும், தெரியும், டாக்டர் போகும்போதே சொல்லிச் சிரிச்சார். அருமை!" என்றான்.

"தம்பி, நான் சொல்றது..."

"ஆல்வின்." இப்போது பிரென்ட் நிமிர்ந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை. "அவங்க சந்தோஷமாப் போயிருக்காங்க. அந்தத் தரைத்தளப் பீப்பாய் அடுத்த வாரம் தொட்டிக்குப் போகுது. இதுல நான் கேக்க வேண்டியது எதுவும் இருக்கறதா எனக்குத் தோணல."

அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது ஆல்வினுக்குப் புரிந்தது. பையன் முட்டாள் இல்லை. இயக்குநர்.

வீட்டில் மனைவி லொரெட்டா பச்சைத் தக்காளி வறுத்துக்கொண்டிருந்தாள். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "உண்மையைச் சொன்னீங்கல்ல?" என்றாள்.

"சொன்னேன்."

"நம்பாதது அவங்க பாடு. காலை நீட்டுங்க, ஐஸ் வைக்கிறேன்."

ஆல்வின் காலை நீட்டிக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார். உண்மையைச் சொல்லியாயிற்று, புகாரும் வரவில்லை. அப்படியானால் நாற்காலி? யோசிக்க வெட்கமாக இருந்தது, ஆனாலும் யோசித்தார்.

புகார் வரவில்லைதான். வந்தது பாராட்டு. டாக்டர் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்; பேரவையின் இணையப் பக்கத்திலும் போட்டிருந்தார். 'எத்தனையோ ஆலைகளில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம். ஆறாம் மாடியின் அனலில் நின்று, முகத்தில் ஒரு அசைவில்லாமல், எங்கள் மூன்று புட்டியும் ஒன்றே என்று சொன்ன அந்த முதியவரின் நகைச்சுவைக்காகவே நூற்றுப் பத்து டாலர் கொடுக்கலாம்.' அதைப் படித்த நாஷ்வில்லில் ஒரு கிளப், இன்டியானாவில் இரண்டு கிளப், தங்களுக்கும் அந்த முதியவரே வேண்டும் என்று எழுதின.

செப்டம்பர் கடைசியில் பிரென்ட் அவரை அழைத்து, மடித்து வைத்த பச்சை நிற ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தான். மார்பில் 'ஆறாம் மாடி அனுபவம்' என்று தைத்திருந்தது.

"தனித் திட்டமாவே அறிவிச்சுட்டோம். தலைக்கு இருபத்தஞ்சு டாலர் கூட. தினம் ரெண்டு தடவை. மேலிடத்துல உங்க பேரைத்தான் சொல்றாங்க, ஆல்வின்."

"வாசல் கூண்டு?"

"உங்களைப் போய் அங்க உட்கார வெச்சா என்னைக் கொன்னுடுவாங்க. கணக்குப் பிரிவுலேர்ந்து ஒரு பையனைப் போட்டாச்சு. முதுகு வலியாம், பாவம்."

நவம்பரில் ஸ்டானெக் போன் செய்தார். சரக்கு வந்து இரண்டே நாளில் நூற்று நாற்பதும் தீர்ந்துவிட்டதாம். கதை பரவியதால் கடை வாசலில் வரிசை நின்றதாம்.

"குடிச்சுட்டு என்ன சொல்றாங்க?" என்று ஆல்வின் கேட்டார்.

"யாரு குடிச்சா? ஒருத்தரும் திறக்கல. அலமாரியில வெச்சுப் படம் எடுத்துப் போடறாங்க. டாக்டர் மட்டும் ஒண்ணைத் திறந்தாரு. ஒரு வாய் குடிச்சுட்டு, இது இன்னும் பத்து வருஷம் புட்டியிலயே இருக்கணும்னு மூடி வெச்சுட்டாரு."

"புட்டிக்குள்ள அது மாறாதே."

"நான் சொல்லல. உங்களுக்குச் சொல்லத் தெரியும்னா நீங்க வந்து சொல்லிப் பாருங்க." பிறகு, "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்கு. இடுப்பு?"

"அதுவும் இருக்கு."

ஆல்வின் இப்போதெல்லாம் மூன்று மாடிகளிலிருந்தும் தனித்தனியாகத்தான் எடுக்கிறார். ஒரு தடவை கூடத் தவறுவதில்லை. அதனால் காலையில் ஒரு தடவை அதிகமாக ஏற வேண்டியிருக்கிறது. பிறகு கூட்டத்தோடு ஏறுகிறார். உச்சியில் பீப்பாய் முன்னால் எல்லோரும் அரைவட்டமாக நின்று அவர் வாயையே பார்ப்பார்கள். அவர் அன்று சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். 'மூணு புட்டியும் ஒரே பீப்பாய், என் முட்டி ஏற விடல.' இப்போது அது பொய். முன்னால் உண்மையைச் சொன்னபோது சிரித்தார்கள், பொய்யைச் சொல்லும்போதும் சிரிக்கிறார்கள். சிரிப்பு அதே அளவுதான். ஒரு நாள் மாற்றிச் சொல்லிப் பார்த்தார்: "இன்னிக்கு மூணும் வேற வேற பீப்பாய்ங்க, சத்தியமா." அதற்கும் சிரித்தார்கள்.

டிசம்பரில் வந்த நாஷ்வில் கூட்டத்தில், ஐந்தாம் மாடித் திருப்பத்தில் அவருடைய கால் மடங்கிவிட்டது. கைப்பிடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் குளிரிலும் வியர்த்தது. "முட்டி" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

மேல் படியில் நின்ற ஒரு பெண் கைதட்ட ஆரம்பித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிரமாதம், பிரமாதம் என்று யாரோ சொன்னார்கள். அவளுக்குப் பக்கத்தில் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தவன் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"சார், சரியாப் பதிவாகல. ரெண்டு படி இறங்கி இன்னொரு தடவை ஏறி வர்றீங்களா?"

ஆல்வின் கீழே பார்த்தார். இரண்டு படிதான். இறங்கினார்.